ஆகஸ்ட் விண்வெளி நாள்: 320 பிள்ளைகள், ஒரு எட்டு அங்குல டாப்சோனியன். எப்படி நடத்துவது?

#1 சுண்ணக்கட்டி

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை 320 பேர். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாளான ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி விண்வெளி நாள் நடத்தப் போகிறோம். 2026-ல் அது ஞாயிற்றுக்கிழமை. அதனால் 24 திங்கள் மாலை தொலைநோக்கி காட்டலாம் என்று திட்டம்.

கையில் இருப்பவை: இரவல் வாங்கிய 8 அங்குல டாப்சோனியன் (தரையில் சுழலும் பெட்டியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கி; குவியத்தூரம் 1200 மி.மீ., கண் வைக்கும் வில்லையான ஐபீஸ் 25, 10 மி.மீ.). நன்கொடையாக வந்த 70 மி.மீ. ரிஃப்ராக்டர், அதாவது வில்லைத் தொலைநோக்கி ஒன்று (குவியத்தூரம் 700, அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்குவடோரியல் ஸ்டாண்டு, ஐபீஸ் 25, 10, உருவத்தை இரட்டிப்பாக்கும் 2x பார்லோ வில்லை). அந்தப் பெட்டியில் 'சன்' என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடியும் இருக்கிறது. அதை வைத்துப் பகலில் சூரியனையும் காட்டிவிடலாமா? 320 பேருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? எதை எதைக் காட்டுவது? சனி வளையம் கேட்டுப் பிள்ளைகள் இப்போதே நச்சரிக்கிறார்கள்.

#2 கண்வில்லை25

மற்றதெல்லாம் அப்புறம் டீச்சர். முதலில் அந்தச் 'சன்' கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். பெட்டியில் திரும்ப வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

காரணம் இதுதான். அது ஐபீஸின் அடியில் திருகி மாட்டுவது. 70 மி.மீ. வில்லை சேகரித்த வெயில் முழுவதும் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும். சூடு ஏறினால் பட்டென்று விரிசல் விடும். விரிசல் விட்ட நொடியில் கண் அங்கே இருக்கும். கண்ணை எடுக்க நேரம் கிடைக்காது. விழித்திரையில் வலி நரம்பு கிடையாது, சுட்டது தெரியவே தெரியாது.

சூரிய வடிகட்டி என்றால் அது குழாயின் முன்வாயில், வெயில் உள்ளே நுழைவதற்கு முன்பே இருக்க வேண்டும். அதற்கென்று விற்கும் சூரியத் தாள் மட்டும்தான். எக்ஸ்ரே பிலிம், சிடி, வெல்டிங் கண்ணாடித் துண்டு எதுவும் தொலைநோக்கியில் வேண்டாம். கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஐபீஸில் பார்ப்பது, வடிகட்டி இல்லாமல் பார்ப்பதற்குச் சமம்.

#3 மந்தைவெளி_டாப்

தேதியை மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். 24-ஐ விட 21 வெள்ளிக்கிழமை மாலை பல மடங்கு நல்லது.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே உள்ள கோணம்தான், ஒரு திதிக்கு 12 பாகை. வளர்பிறை அஷ்டமி என்றால் 84-லிருந்து 96 பாகைக்குள், அதாவது அரை நிலவு. தொலைநோக்கிக்கு உகந்தது பஞ்சமி முதல் நவமி வரை. ஒளிக்கும் இருளுக்கும் நடுவே உள்ள கோட்டருகே வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீண்டு, குழி குழியாகத் தெரியும். திதி ஏற ஏற நிழல் சுருங்கும். பௌர்ணமி அன்று நிலவு வெள்ளையடித்த தட்டு, கண்ணும் கூசும்.

2026-ல் ஆகஸ்ட் 20 அரை நிலவு, 28 பௌர்ணமி. 21 மாலை நவமி. 24 மாலை துவாதசி. அப்போதும் நிலவு தெரியும், ஆனால் பள்ளங்கள் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும்.

21 மாலையில் டைக்கோ, கிளாவியஸ், வடக்கே பிளேட்டோ ஆகிய பள்ளங்கள் எல்லாம் ஒளி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும். கிளாவியஸின் குறுக்களவு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து கோவைக்கு நேர்கோட்டில் போனால் வரும் தூரம். இதைச் சொல்லிவிட்டுக் காட்டினால் பிள்ளைகள் ஐபீஸை விட்டு நகர மாட்டார்கள் (வரிசைக்கு அது கெடுதல், அதைப் பிறகு பேசுவோம்). நிலவு அன்று தெற்கு வானில் பாதி உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும். டாப்சோனியனுக்கு வசதியான கோணம். அதற்குச் சில பாகை தள்ளிச் செந்நிறமாகக் கேட்டை. அதை வெறுங்கண்ணாலேயே காட்டலாம்.

சனி? அது எதிரமைவுக்கு, அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வருவது அக்டோபர் 4. ஆகஸ்ட் கடைசியில் இரவு ஒன்பது மணி வாக்கில்தான் கிழக்கில் எழும். பள்ளி நிகழ்ச்சிக்கு ஆகாது. 2025 மார்ச்சில் விளிம்பை நமக்குக் காட்டிய வளையம் இப்போதுதான் மெல்லத் திறக்கிறது, படத்தில் பார்ப்பது போல அகலமாக இருக்காது. அழைப்பிதழில் சனி படம் போட்டுவிடாதீர்கள், சண்டை வரும். வியாழன் ஜூலை இறுதியில் சூரியனுக்குப் பின்னால் போய் இப்போதுதான் விடியற்காலை வானத்துக்கு வருகிறது. மாலையில் கிடைப்பது வெள்ளி. ஆகஸ்ட் 15-ல் சூரியனிலிருந்து அதிகபட்சமாக விலகியிருக்கும், 21 அன்று ஏறத்தாழ அரைவட்டமாகத் தெரியும். "நட்சத்திரம் மாதிரி இருப்பது நிலா மாதிரி பாதியாக இருக்கிறதே" என்று பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். கலிலியோவை நிறுத்திக் கேள்வி கேட்க வைத்ததும் வெள்ளியின் இந்தப் பிறைகள்தான்.

#4 தூக்குக்குண்டு

தேதிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் தஞ்சாவூர் என்கிறீர்கள். உங்கள் ஊரின் நிழலில்லா நாள், அதாவது நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிமிர்ந்த கம்புக்கு நிழலே விழாத நாள், ஆகஸ்ட் 25 செவ்வாய். விண்வெளி நாளுக்கு இரண்டே நாள் தள்ளி! சூரியன் தெற்கே இறங்கும் வழியில் சேலத்துக்கு மேல் 22, ஈரோட்டுக்கு 23, கோவைக்கு 24, திருச்சிக்கும் தஞ்சைக்கும் 25, மதுரைக்கு 27, யாழ்ப்பாணத்துக்கு 28. ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். தமிழ்நாட்டின் நடுப்பகுதிப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி வேறு கிடையாது. 320 பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வரிசையே வேண்டாம். செலவு ஒரு பிவிசி குழாய்.

ஏப்ரல் நடுவில் வருவது விடுமுறையை ஒட்டிப் போய்விடும். பள்ளிக்கு ஆகஸ்ட்தான் சரி.

#5 சுண்ணக்கட்டி

அடடா, இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் 21 மாலை தொலைநோக்கி, 25 நண்பகல் நிழல் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். மாலை 6.30 முதல் 9 வரைதான் அனுமதி, பெண்பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துப் போக வேண்டும்.

இரண்டரை மணி நேரத்தில் 320 பேர் முடியுமா?

#6 மந்தைவெளி_டாப்

முடியும், ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் என்றால் முடியாது. கணக்குப் போடுவோம்.

ஒரு பிள்ளை முன்னே வந்து, கண்ணை வைத்து, படத்தைக் கண்டுபிடித்து, பார்த்து, விலக 40 நொடி. இதற்குக் குறைத்துத் திட்டமிடாதீர்கள். 20 நொடி என்று எழுதியவர்களின் வரிசை பத்தாவது பிள்ளையிலேயே தேங்கும். 150 நிமிடம் என்பது 9000 நொடி, ஒரு தொலைநோக்கிக்கு 225 பேர்.

டாப்சோனியன் முழு நேரமும் நிலவிலேயே இருக்கட்டும்: 225 பேர். ரிஃப்ராக்டர் 6.30 முதல் 7.45 வரை வெள்ளியில்: 4500 நொடி, 112 பேர். வெள்ளி மேற்கே தாழும்போது, மரம் மறைக்கும் முன் ரிஃப்ராக்டரையும் நிலவுக்குத் திருப்பிவிடுங்கள்: மிச்ச 75 நிமிடத்தில் இன்னும் 112 பேர். ஆக நிலவு 337 பேருக்கு, வெள்ளி 112 பேருக்கு. நிலவு எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது. வெள்ளியை ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஒதுக்குங்கள். பாடத்திலும் ஒட்டும், பொறுமையும் இருக்கும்.

25 பேர் கொண்ட தொகுதி, ஒரு தொகுதிக்கு 17 நிமிடம். நேரம் எழுதிய சீட்டு கொடுத்துவிட்டால் மைதானத்தில் 25 பேர்தான் வரிசையில் நிற்பார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து வேறெதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். 320 பேர் ஒரே வரிசையில் நின்றால் முதல் அரை மணியிலேயே தள்ளுமுள்ளு. தொலைநோக்கி நிகழ்ச்சி கெடுவது மேகத்தால் பாதி, வரிசையால் பாதி.

வெள்ளியை 6.30-க்கே தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வானம் வெளுப்பாக இருக்கும்போது வெள்ளியின் கூச்சம் குறைவு, அரைவட்டம் துல்லியமாகத் தெரியும். இருட்டிய பின் அது பொறி பறக்கும் வெள்ளைப் புள்ளி. ஒரே ஓர் எச்சரிக்கை: சூரியன் முழுதாக மறைந்த பிறகே குழாயை மேற்கே திருப்புங்கள். அதுவரை முன்மூடி போட்டபடியே இருக்கட்டும், குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரின் மூடியும்.

#7 கண்வில்லை25

ஐபீஸ் பற்றி. டாப்சோனியனில் 25 மி.மீ. போட்டால் 48 மடங்கு, வானில் ஒரு பாகைக்குச் சற்று மேல் தெரியும். நிலவு அரைப் பாகை. முழு நிலவும் உள்ளே அடங்கும்.

வானம் நகரும் வேகம் நிமிடத்துக்கு கால் பாகை. நிலவை நட்ட நடுவில் வைத்தால் ஒரு நிமிடத்தில் ஒரு விளிம்பு வெட்டுப்பட ஆரம்பிக்கும். நுழைகிற ஓரத்தைத் தொட்டாற்போல வைத்துவிட்டால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இரண்டு நிமிடம் ஆகும். அதாவது மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கு ஒருமுறை இயக்குபவர் குழாயை ஒரு தட்டு தட்டினால் போதும். டாப்சோனியனில் படம் தலைகீழ், தட்டவேண்டிய திசை குழம்பும். முன்கூட்டியே பத்து நிமிடம் பழகிக்கொள்ளுங்கள்.

10 மி.மீ. ஐபீஸை டாப்சோனியனில் போடாதீர்கள். 120 மடங்கு கிடைக்கும், ஆனால் சாதாரண 10 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸில் கண்ணை ஏழெட்டு மில்லிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் படமே கிட்டாது. கண்ணாடியைக் கழற்றினால் ஃபோகஸைத் திருப்ப வேண்டும், அடுத்தவருக்குத் திரும்பவும் திருப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் 20 நொடி போச்சு. பெரிதாகக் காட்டியே தீர வேண்டுமென்றால் 25-ஐ ரிஃப்ராக்டர் பெட்டியின் 2x பார்லோவோடு சேருங்கள். 96 மடங்கு, கண்ணுக்கு இடமும் தாராளம். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், ஃபோகஸ் திருகில் யாரும் கை வைக்கவும் விடாதீர்கள்.

வெள்ளிக்கு ரிஃப்ராக்டரில் 10 மி.மீ. தான், வேறு வழியில்லை. 70 மடங்கில் வெள்ளி கிட்டத்தட்ட வெறுங்கண்ணால் பார்க்கும் நிலவின் அளவுக்குத் தெரியும். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கறுப்பு வட்டத்துக்குள் பார்க்கும்போது எல்லாமே சிறிதாகத் தோன்றும், அதுதான் காரணம்.

எட்டு அங்குலத்தில் நிலவு கண்ணைக் கூசும். கெடுதல் இல்லை, ஆனால் பார்த்துவிட்டு நகரும் பிள்ளை பத்து நொடி எதுவும் தெரியாமல் தடுமாறும், ஸ்டூலில் இடிக்கும். டாப்சோனியனின் முன்மூடியிலேயே சின்ன மூடி ஒன்று இருக்கும். பெரிய மூடியைப் போட்டுவிட்டு அதை மட்டும் திறங்கள். ஒளி குறையும், பள்ளங்கள் அப்படியே தெரியும்.

#8 காவேரிக்கரை

பிள்ளைகள் ஐபீஸைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதுதான் பெரிய தொல்லை. பிடித்தால் குழாய் நகரும், நிலவு போய்விடும். "தொடாதே" என்று நூறு முறை கத்துவதற்குப் பதில், தொடுவதற்கு வேறொன்றைக் கொடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப்பக்கம் ஐபீஸுக்குக் கீழே வருமாறு நிறுத்தி, "ரெண்டு கையாலயும் நாற்காலியப் புடி" என்றால் தானாகச் சரியாகிவிடும். சின்னத் தம்பி தங்கைகளுக்கு அதே நாற்காலியைத் திருப்பிப் போட்டால் ஏறி நிற்க இடம்.

"தெரியுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் "தெரியுது" என்றுதான் சொல்லும், பாதிப் பேர் தங்கள் இமையைத்தான் பார்த்திருப்பார்கள். "எந்தப் பக்கம் இருட்டா இருக்கு?", "வெள்ளி முழுசா, பாதியா?" என்று கேளுங்கள். பதில் தப்பானால் ஐபீஸ் நகர்ந்துவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ஒரு கண்ணை மூடத் தெரியாத பிள்ளைகள் நிறைய. உள்ளங்கையால் மறு கண்ணைப் பொத்தச் சொல்லுங்கள். ஒரு கை நாற்காலியில், ஒரு கை கண்ணில்.

அப்புறம், இவ்வளவு கணக்கெல்லாம் எதற்கு? செல்போனை ஐபீஸில் மாட்டி ஸ்மார்ட் போர்டில் காட்டிவிட்டால் 320 பேரும் ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாமே. மாட்டும் கிளிப் கடையில் கிடைக்கிறது.

#9 மந்தைவெளி_டாப்

அண்ணே, அதற்குத் தொலைநோக்கியே வேண்டாமே. யூடியூபில் இதைவிட நல்ல நிலவு இருக்கிறது. தன் கண்ணில் நேரடியாக விழுந்த வெளிச்சம் என்பதுதான் இந்த நிகழ்ச்சியில் பிள்ளைக்குக் கிடைப்பது. திரையில் பார்த்தால் "வீடியோதானே" என்று போய்விடும்.

#10 கண்வில்லை25

திரைக்கும் ஒரு வேலை இருக்கிறது, மந்தைவெளி. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, குனிய முடியாத தாத்தா பாட்டி, கண் ஒட்டி வைக்க முடியாதவர்கள், இவர்களுக்கு போன் கிளிப் அவசியம். இன்னொன்று: ஊரில் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தால் ஐபீஸே வேண்டாம், அன்று திரை மட்டும்தான். 320 இமைகள் ஒரே ரப்பரில் படப்போகின்றன. பரவாத நாளிலும் கண் சிவந்து வந்தவரைத் தனியாகத் திரைப் பக்கம் அனுப்புங்கள். தொகுதிக்கு ஒருமுறை ஐபீஸின் ரப்பர் விளிம்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பரை மட்டும். கண்ணாடியில் பஞ்சு பட்டால் தூசி கீறிவிடும். கைக்குட்டை, வேட்டி முனை, புடவை முந்தானை எதுவும் வில்லைக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

காத்திருக்கும் தொகுதிக்குத் திரையில் போட்டால் பள்ளங்களின் பேரையும் சொல்லிக்கொடுக்கலாம். பிறகு ஐபீஸில் தாங்களே தேடுவார்கள். திரை முன்னாலே, கண் பின்னாலே. மாற்றிச் செய்தால்தான் மந்தைவெளி சொல்வது நடக்கும்.

#11 காவேரிக்கரை

சரி, ஒத்துக்கொள்கிறேன். பின்வாங்கவில்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன்.

மேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆகஸ்டில் டெல்டாவில் பகல் முழுக்கக் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடி மழை இறங்குவது சாதாரணம். மாற்றுத் தேதியை இப்போதே குறித்து அழைப்பிதழிலேயே போடுங்கள்: 21 மழை என்றால் 22 சனி, திதி அப்போதும் மோசமில்லை. முடிவெடுக்கும் நேரம் மாலை 4 மணி. செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்து முடிவு செய்து, பெற்றோர் குழுவில் 4.15-க்குள் சொல்லிவிட வேண்டும். ஆறு மணிக்கு மழையில் நிற்கும் பெற்றோரிடம் அறிவியல் பேச முடியாது. தொலைநோக்கி இரவு நடத்த நிஜமாகவே ஆசைப்பட்டால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்தப் பக்கம் தெளிவான வானம். 2027 பிப்ரவரியில் வியாழன் எதிரமைவு, மாலையிலேயே கிழக்கே நிற்கும், நாலு துணைக்கோளோடு. இரண்டாவது நிகழ்ச்சிக்கு இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்: சிமென்ட் தளம், மொட்டை மாடி வேண்டாம். பகல் சூட்டை இரவெல்லாம் கக்கும், படம் தண்ணீருக்குள் இருப்பது போல் அலையும். மாடியில் ஒருவர் நடந்தாலும் குழாய் ஆடும். மண் தரை, புல் வெட்டிய இடம். புல்லைப் பகலிலேயே வெட்டிவிடுங்கள், டெல்டாவில் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. டாப்சோனியனை 5.30-க்கே வெளியே கொண்டுவந்து நிழலில் வையுங்கள். உள்ளே உள்ள காற்று ஆற ஒரு மணி நேரம் வேண்டும்.

#12 சுண்ணக்கட்டி

ரிஃப்ராக்டரின் ஸ்டாண்டு படுத்தி எடுக்கிறது. வழிகாட்டிப் புத்தகத்தில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்கச் சொல்கிறது. துருவ நட்சத்திரமே தெரியவில்லை.

#13 மந்தைவெளி_டாப்

தெரியாது டீச்சர். அந்தப் புத்தகம் ஐரோப்பாவுக்கு எழுதியது. துருவ நட்சத்திரம் தரையிலிருந்து எவ்வளவு பாகை உயரமோ அதுதான் உங்கள் ஊரின் அட்சரேகை. தஞ்சாவூரில் 11 பாகைக்கும் கொஞ்சம் கம்மி. தென்னை மரத்துக்கும் பள்ளிக் கட்டிடத்துக்கும் பின்னால் போய்விடும். அச்சை 11 பாகைக்குச் சாய்த்தால் எடைக் கட்டைத் தாங்கும் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். நம் பக்கத்தில் ஈக்குவடோரியல் ஸ்டாண்டு இப்படித்தான் பாடு படுத்தும்.

வழி: அட்சரேகைத் திருகைத் தளர்த்தி அச்சை நேர்செங்குத்தாக நிமிர்த்த முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அது பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திரும்பும் சாதாரண ஸ்டாண்டு ஆகிவிடும். முடியாவிட்டால், போனின் திசைகாட்டியில் வடக்கே திருப்பி, போகும் வரை தாழ்த்தி, மிச்சத்தைக் கையால் சரிசெய்யுங்கள். 70 மடங்கில் வெள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக ஒன்றரை நிமிடம் ஆகும், இரண்டு பிள்ளைக்கு ஒருமுறை திருப்பினால் போதும்.

ஃபைண்டரை முந்தின நாள் பகலில் சரிசெய்யுங்கள். தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியை ஐபீஸில் நடுவில் வைத்து, ஃபைண்டரின் குறுக்குக்கோடும் அங்கேயே விழும்படி மூன்று திருகையும் நகர்த்த வேண்டும். கோபுரம் ரொம்பக் கிட்டே இருந்தால் வானத்தில் தப்பும். சூரியன் இருக்கும் திசையில் உள்ள கோபுரம் வேண்டவே வேண்டாம்.

டாப்சோனியன் ஆட்டோவில் வந்திருந்தால் ஆடிகள் நகர்ந்திருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். வட்டத்துக்குள் கறுப்பு நிழல் நட்ட நடுவில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அடியில் உள்ள மூன்று திருகில் ஒன்றைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், மோசமானால் எதிர்த்திசை. நிலவுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. நேரம் போதவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

#14 சுண்ணக்கட்டி

நன்றி சார். இப்போது 25-ஆம் தேதி நிழல் பற்றி விவரமாகச் சொல்லுங்களேன், தூக்குக்குண்டு. எத்தனை மணிக்கு? கம்பு எவ்வளவு உயரம்?

#15 தூக்குக்குண்டு

நேரம்: 12 மணி இல்லை. நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகை தீர்க்கரேகைக்கு. தஞ்சாவூர் 79.1. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் 13 நிமிடம் பிந்தும். ஆகஸ்ட் கடைசியில் சூரியனே கடிகாரத்துக்கு இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடுவதால் அதையும் சேர்க்க, 12.15-லிருந்து 12.16. திருச்சியில் 12.17, ஈரோட்டில் 23 அன்று 12.22, கோவையில் 24 அன்று 12.24-25. "சரியாக 12 மணி" என்று அறிவித்தால் 12 மணிக்குக் குச்சிக்கு மேற்கே விரல் நீள நிழல் நிற்கும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

கம்பு: ஒரு மீட்டர், ஒன்றரை அங்குல பிவிசி குழாய். உயரம் முக்கியமில்லை, நிமிர்வுதான் முக்கியம். ஒரு பாகை சாய்ந்தால் ஒரு மீட்டருக்கு 17 மி.மீ. நிழல் வந்துவிடும், நாள் தப்பு என்று சொல்லிவிடுவார்கள். பள்ளித் தரையில் தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள், அதனால் அடியில் மூலைமட்டம் வைத்து நிறுத்தினால் சாயும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, இரண்டு பக்கமிருந்தும் நூலோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள். வாளியில் மணல் போட்டுக் குழாயைச் செருகினால் நகர்த்திச் சரிசெய்வது எளிது. ரசமட்டம் இருந்தால் பலகையை மட்டமாக்கி வெள்ளைச் சார்ட் ஒட்டி, அதன்மேல் நிறுத்தலாம், அளவெடுக்க அதுதான் வசதி.

இதைவிட அழகானது ஒன்று: நாலு அங்குலக் குழாயில் ஓரடித் துண்டு. வெள்ளைத் தாளில் நிமிர்த்தி நிறுத்தி மேலிருந்து பாருங்கள். மற்ற நேரத்தில் உள்சுவர் ஒரு பக்கம் வெயிலாக இருக்கும். அந்த நிமிடத்தில் சுவர் முழுக்க இருட்டு, தாளில் மட்டும் முழு வட்டமாக வெயில். சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் நிழல் டம்ளருக்குள்ளேயே போய்விடும். (சாப்பாட்டுக்குக் கொண்டுவரும் டம்ளர்தான். விளிம்பு விரிந்த டம்ளரைக் கவிழ்த்துதான் வைக்க வேண்டும், நிமிர்த்தினால் விளிம்பின் நிழல் விழும்.)

மேகம் வந்தால் கவலை வேண்டாம். 24 அன்று ஒரு மீட்டர் கம்புக்கு 5 மி.மீ. நிழல் தெற்கே, 26 அன்று ஏழெட்டு மி.மீ. வடக்கே. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல் முனையே 9 மி.மீ. அளவுக்கு மங்கலாகக் கலைந்திருக்கும். கண்ணுக்கு மூன்று நாளும் நிழலில்லா நாள்தான். ஆனால் மூன்று நாளும் குறித்துவைத்தால் நிழல் தெற்கிலிருந்து வடக்குக்குத் தாண்டுவதைப் பிடித்துவிடலாம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நம் ஊரில் நண்பகல் நிழல் தெற்கே விழும் என்பதே பாதிப் பேருக்குப் புதிய செய்தி.

#16 உச்சிவெயில்

இதோடு பூமியின் சுற்றளவையும் அளந்துவிடலாம் டீச்சர். பண்டைக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்தது இதைத்தான். சென்னையில் தெரிந்த பள்ளி ஒன்றிடம் பேசி, அதே 25-ஆம் தேதி அவர்கள் ஊர் நண்பகலில் (12.11) ஒரு மீட்டர் கம்பின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 41 மி.மீ. வரும், வடக்கே. உங்கள் ஊரில் ஒன்றிரண்டு மி.மீ. இரண்டு கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2.29 பாகை. வடக்கு-தெற்குத் தூரம் 253 கி.மீ. 360-ஐ 2.29-ஆல் வகுத்து 253-ஆல் பெருக்கினால் 39,800 கி.மீ.

பிழை வரும் இடம் இரண்டு. ஒன்று, சாலைத் தூரத்தைப் போடுவது. பேருந்தில் 300 கி.மீ.-க்கு மேல் வரும், விடை வீங்கிவிடும். வேண்டியது இரண்டு ஊரின் அட்சரேகைக் கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம், வரைபடத்தில் நேர் மேல்கீழாக அளக்க வேண்டும். இரண்டு, நிழல் முனை மங்கல். ஒரு மி.மீ. தவறினால் விடை இரண்டரை சதவீதம் நகரும், அதாவது ஆயிரம் கி.மீ. மங்கல் பட்டையின் நடுவைக் குறியுங்கள். கூர்மையாக வேண்டுமென்றால் கம்பின் உச்சியில் ஓட்டை போட்ட அட்டையை ஒட்டி, தரையில் விழும் வெளிச்ச வட்டத்தின் மையத்தைக் குறிக்கலாம், அப்போது உயரத்தை அட்டைவரை அளக்க வேண்டும். வடநாட்டில் பள்ளி கிடைத்தால் இன்னும் நல்லது. டெல்லியில் நிழல் 32 செ.மீ. வரும், ஒரு மி.மீ. பிழை ஒரு பொருட்டே இல்லை.

#17 சுண்ணக்கட்டி

கணக்கு டீச்சருக்கு அனுப்பிவிட்டேன், குதூகலமாகிவிட்டார். அன்று காலையிலிருந்து 12.15 வரை பிள்ளைகளை என்ன செய்வது? சூரியனைக் காட்ட வழியே இல்லையா?

#18 கண்வில்லை25

இருக்கிறது. பந்துக்கண்ணாடி. பிளாஸ்டிக் பந்தில் மணலை நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியின் சின்னத் துண்டை அதன்மேல் ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் 1 செ.மீ. வட்ட ஓட்டை போட்ட கறுப்புத் தாள். பந்தை டேப் ரோல் மேல் உட்கார வைத்தால் எந்தப் பக்கமும் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். வெளியே வெயிலில் வைத்து, இருட்டடித்த வகுப்பறைச் சுவருக்கு ஒளியை அனுப்புங்கள். தூரத்தை 108-ஆல் வகுத்தால் பிம்பத்தின் அளவு: 15 மீட்டருக்கு 14 செ.மீ. சூரியன்.

ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் சுவரில் விழுவது வட்டம், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பிம்பம் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால் பூமி சுற்றுவதை நின்று பார்க்கலாம். கரும்புள்ளி? மிகப் பெரிய கூட்டம் இருந்தால் ஒழிய இதில் தெரியாது, அதை வாக்களிக்காதீர்கள். காலை 9.30-லிருந்து 10.30-க்குள் செய்யுங்கள். கண்ணாடிப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், ஒளியின் பாதையில் யாரும் தலை நீட்டி உள்ளே பார்க்காதபடி.

#19 காவேரிக்கரை

கேள்விக்குத் தயாராக இருங்கள். இந்த முறை இரண்டு நிச்சயம் வரும்.

ஒன்று, "சந்திரயான் தெரியுமா?" தெரியாது. எட்டு அங்குலத்தில் நிலவில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நிலவில் இறங்கிய விக்ரம் கலம் இரண்டு மீட்டர். நிலவின் தெற்கே 69 பாகையில் இறங்கியது, அந்த வட்டாரத்தைக் கைகாட்டலாம்.

இரண்டு, "கிரகணம் வருதாமே?" 2026 ஆகஸ்ட் 12-ல் முழுச் சூரிய கிரகணம், ஸ்பெயின் பக்கம். 28-ல் பகுதிச் சந்திர கிரகணம், அப்போது நமக்குக் காலை பத்து மணி ஆகப்போகும், நிலவு மறைந்துவிட்டிருக்கும். இரண்டும் இங்கே இல்லை. டிவியில் பரிகாரம் மட்டும் வரும். ராகு கேது என்று ஒரு பாட்டி கேட்டால் சிரிக்காதீர்கள். நிலவின் பாதை சூரியன் போகும் பாதைக்கு 5 பாகை சாய்ந்தது, இரண்டும் வெட்டும் இரண்டு புள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ விழுந்தால்தான் கிரகணம். இதைப் பாட்டியும் கேட்டுக்கொள்வார், பக்கத்தில் நிற்கும் பேரனும் கேட்பான்.

பச்சை லேசர் இருந்தால் ஒரே ஒருவர் கையில். பிள்ளைகள் கையில் வேண்டாம், விமானம் தெரிந்தால் உடனே அணைக்க வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு. முக்காலியின் கால்களில் வெள்ளை டேப், இல்லாவிட்டால் தடுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

#20 சுண்ணக்கட்டி

எல்லாம் குறித்துக்கொண்டேன். 'சன்' கண்ணாடியை ஆய்வக உதவியாளர் உடைத்துவிட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது: 21 வெள்ளி மாலை 6.30, மழை என்றால் 22. 25 செவ்வாய் நண்பகல் 12.15. சரிதானே?

#21 தூக்குக்குண்டு

12.15 என்று போட்டால் ஊர்க்காரர்கள் 12.15-க்குச் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். 11.45 என்று போடுங்கள்.